‘நீட்டு’ வேறு, ‘விரி’ வேறு: எடிட்டரின் தெரிவுக் கட்டளைகளுக்குப் பெயரும் செயலும்

கேள்வி இது: புதிதாக எழுதப்படும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரின் மெனுவில் ‘எக்ஸ்டெண்ட் செலக்‌ஷன்’, ‘எக்ஸ்பாண்ட் செலக்‌ஷன்’, ‘பிளாக் செலக்‌ஷன்’, ‘காலம் மோட்’ என நான்கு பெயர்கள் சேர்ந்துவிட்டன. சோதித்துப் பார்ப்பவர்கள் ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றை அழுத்துகிறார்கள். எந்தப் பெயர் எந்தச் செயலுக்குப் பொருந்தும், ஒவ்வொன்றும் சரியாக என்ன செய்ய வேண்டும், தமிழ் மெனுவில் அவற்றை எப்படி எழுதுவது?

திரையில் நிறம் ஏறி நிற்கும் பகுதிதான் தெரிவு என்று எண்ணிக்கொண்டு பெயர் வைப்பதிலிருந்தே இந்தக் குழப்பம் தொடங்குகிறது. எடிட்டரின் உள்ளே ஒரு தெரிவுக்குக் குறைந்தது மூன்று கூறுகள் உண்டு: தொடங்கிய இடத்திலேயே நிற்கும் ஒரு முனை, கர்சரோடு சேர்ந்து நகரும் இன்னொரு முனை, அந்த நகர்வை அளக்கும் அலகு. முதலாவதை நிலைமுனை என்றும் இரண்டாவதை நகர்முனை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். அலகு என்பது எழுத்தாகவோ சொல்லாகவோ வரியாகவோ செவ்வகமாகவோ இருக்கலாம். ஒரு கட்டளை இம்மூன்றில் எதை மாற்றுகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுமானால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். செலக்‌ஷனுக்குத் ‘தேர்வு’ என்று எழுதுவோரும் உண்டு; ஆனால் மெனுவில் தனியாக நிற்கும் ‘தேர்வு’ பரீட்சையைத்தான் முதலில் நினைவூட்டுகிறது என்பதால் ‘தெரிவு’ என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

இரு முனைகள் என்ற கருத்து நான் கட்டியதன்று. ஈமேக்ஸ் எடிட்டரில் கர்சர் நிற்கும் இடத்துக்குப் ‘பாயின்ட்’ என்றும், முன்பே இட்டு வைத்த இடத்துக்கு ‘மார்க்’ என்றும், இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு ‘ரீஜன்’ என்றும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. அங்கே மார்க் எப்போதோ இடப்பட்டிருக்கும், ரீஜனும் இருக்கும், ஆனால் நிறம் ஏறியிருக்காது. நிறமேற்றும் வழக்கம் 2009இல் வெளிவந்த 23ஆம் பதிப்பிலிருந்துதான் அங்கே இயல்பு அமைப்பாயிற்று. இணையப் பக்கத்தை நிரல் கையாள உதவும் டாம் இடைமுகத்திலும் ‘ஆங்கர்’, ‘ஃபோகஸ்’ என்ற இரண்டும் தெரிவுக்கு உரியவை. ‘ஸ்டார்ட்’, ‘எண்ட்’ என்ற இரண்டும் வீச்சுக்கு, அதாவது திசை பாராமல் தொடக்கமும் முடிவும் மட்டும் கொண்ட உரைப்பகுதிக்கு, உரியவை. கீழிருந்து மேலாக இழுத்துத் தெரிவு செய்தால் ஆங்கர் கீழேயும் ஃபோகஸ் மேலேயும் இருக்கும். ஸ்டார்ட் எப்படி இழுத்தாலும் மேலேதான். நகலெடுக்கும் நிரலுக்கு வீச்சு தெரிந்தால் போதும். அடுத்து ஷிஃப்டோடு அம்புவிசை அழுத்தப்படும்போது எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முடிவு செய்யும் நிரலுக்கோ திசையும் தெரிந்தாக வேண்டும். தெரிவைத் தொடக்கம், முடிவு என்று மட்டும் சேமித்து வைத்த எடிட்டர்கள் பலவற்றில், கீழிருந்து மேலாக எடுத்த தெரிவு ஏதோ ஒரு கட்டளைக்குப் பிறகு திசை புரண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிழைக்கு வேர் இதுதான்.

திசையே இல்லாத தெரிவும் உண்டு. மேக் கணினிகளில் மவுஸால் எடுத்த தெரிவுக்கு முதலில் திசை கிடையாது. பிறகு ஷிஃப்டோடு எந்த அம்புவிசையை அழுத்துகிறோமோ அந்தப் பக்கத்து முனைதான் நகர்முனை ஆகிறது. விண்டோஸில் மவுஸ் விடுபட்ட இடமே நகர்முனை. இரண்டில் எது சிறந்தது என்று வாதிடுவதைவிட, எடிட்டர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதன் வழக்கத்தையே பின்பற்றுவது நல்லது. பயனரின் விரல்கள் அந்த வழக்கத்தில் ஏற்கெனவே ஊறியவை.

இனி ‘எக்ஸ்டெண்ட்’, ‘எக்ஸ்பாண்ட்’ என்ற இரட்டையருக்கு வருவோம். நிலைமுனையை விட்டுவிட்டு நகர்முனையை மட்டும் தள்ளுவது ஒரு செயல். ஷிஃப்ட் விசையோடு அம்புவிசையை அழுத்துவதும், ஷிஃப்ட் விசையோடு மவுஸைச் சொடுக்குவதும் இதைச் செய்பவை. இரு முனைகளையும் ஒருசேர வெளிப்பக்கமாக நகர்த்தி, கர்சரைச் சூழ்ந்திருக்கும் அடுத்த பெரிய கூறு முழுவதையும் தெரிவுக்குள் கொண்டுவருவது வேறொரு செயல். விஎஸ் கோட் எடிட்டர் இந்த இரண்டாவதை ‘எக்ஸ்பாண்ட் செலக்‌ஷன்’ என்கிறது. இன்டெலிஜே என்ற நிரலெழுதும் மென்பொருள் அதே செயலை ‘எக்ஸ்டெண்ட் செலக்‌ஷன்’ என்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் எஃப்8 விசை இரண்டையும் ஒன்றாகவே கலந்து வைத்திருக்கிறது: ஒரு முறை அழுத்தினால் நீட்டும் முறை தொடங்கி, ஷிஃப்டைப் பிடிக்காமலே அம்புவிசைகளால் நகர்முனையைத் தள்ள முடிகிறது, மீண்டும் அழுத்தினால் சொல், அடுத்து வாக்கியம், அடுத்து பத்தி, பிரிவுகள் இல்லாத ஆவணமாயின் ஐந்தாம் முறை முழு ஆவணம் என்று சூழ்ந்ததை எல்லாம் அள்ளிக்கொள்கிறது. எனவே உங்கள் சோதனையாளர்கள் குழம்பியதில் வியப்பில்லை. ஒவ்வொருவரும் வேறொரு மென்பொருளில் அதே சொல்லுக்கு வேறு பொருளைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள்.

தமிழில் இந்தச் சிக்கலை ஆங்கிலத்தைவிட எளிதாகத் தீர்க்கலாம். ஒரு பக்கமாகப் போவதை ‘நீட்டு’ என்கிறோம். எல்லாப் பக்கமும் போவதை ‘விரி’ என்கிறோம். கையை நீட்டுவோம், பாயை விரிப்போம். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆகவே நகர்முனையை மட்டும் தள்ளுவதற்குத் ‘தெரிவை நீட்டு’, இரு முனைகளையும் அகட்டுவதற்குத் ‘தெரிவை விரி’ என்று வைத்துவிடலாம். விரிப்பதன் மறுதலை ‘சுருக்கு’. நீட்டுவதற்கு மறுதலைக் கட்டளை வேண்டியதில்லை. அதே நகர்முனையை எதிர்த்திசையில் தள்ளினாலே போதும்.

‘சுருக்கு’ என்பதன் செயல்தான் பல எடிட்டர்களில் தவறாக எழுதப்படுகிறது. ஒரு சார்பழைப்பில் (ஃபங்ஷன் கால்) மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் ஒரு சொல்லின்மீது கர்சர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரிக்க விரிக்க, முதலில் அந்தச் சொல், பிறகு குறிகள் நீங்கலாக உள்ளிருக்கும் உரை, பிறகு குறிகளும் சேர்ந்த உரை, பிறகு அடைப்புக்குறிக்குள் இருக்கும் எல்லா உள்ளீடுகளும், பிறகு அடைப்புக்குறியோடு, பிறகு அழைப்பு முழுவதும், பிறகு கூற்று, தொகுதி, சார்பு, கோப்பு எனத் தெரிவு படிப்படியாக ஏறும். மேலே ஏறும்போது வழி ஒன்றே. எந்தக் கூறுக்கும் அதைச் சூழ்ந்த கூறு ஒன்றுதான். கீழே இறங்கும்போதோ வழிகள் பல, ஏனென்றால் ஒரு கூறுக்குள் பல சிறு கூறுகள் இருக்கின்றன. ஆகவே சுருக்குவது என்பது, நிரலின் கூறுகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் காட்டும் இலக்கண மரத்தில் கீழே இறங்குவதாக இருக்கக் கூடாது. ஏறி வந்த படிகளை நினைவில் வைத்துக்கொண்டு அதே வழியில் திரும்புவதாக இருக்க வேண்டும். ஒரு படி அதிகமாக விரித்துவிட்டவர் ஒரு முறை சுருக்கினால், அவர் சற்று முன் பார்த்த அதே தெரிவு வந்து நிற்க வேண்டும். கர்சரை நகர்த்தினாலோ உரையைத் திருத்தினாலோ அந்த நினைவு அழிய வேண்டும். அதன் பிறகு சுருக்கு என்ற கட்டளை எதுவும் செய்யாமல் இருப்பது, முதல் உட்கூறை ஏதோ ஊகத்தில் பிடித்துக் கொடுப்பதைவிட நேர்மையானது.

படிகள் எவை என்பதை எடிட்டரே ஒவ்வொரு நிரல்மொழிக்கும் கணக்கிட வேண்டியதில்லை. மொழிச் சேவையகங்கள், அதாவது நிரல்மொழியைப் பகுத்து எடிட்டருக்கு உதவும் தனி நிரல்கள், பின்பற்றும் எல்எஸ்பி நெறிமுறையில் 2020இல் வந்த 3.15ஆம் பதிப்பு இதற்கென ஒரு வேண்டுகோளைச் சேர்த்திருக்கிறது. சேவையகம் ஒன்றையொன்று சூழ்ந்த வீச்சுகளைச் சங்கிலியாக அனுப்பிவிடும். ஹீலிக்ஸ் எடிட்டர் ட்ரீ-சிட்டர் என்ற பகுப்பாய்வி தரும் மரத்தையே பயன்படுத்துகிறது. எந்த வழியில் வந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மரத்தில் அடுத்தடுத்த இரு கணுக்கள் ஒரே வீச்சைக் கொண்டிருப்பது மிகவும் சாதாரணம். அவற்றில் ஒன்றைத் தவிர்க்காவிட்டால் விசையை அழுத்தியும் திரையில் எதுவும் மாறாது. பயனர் விசை வேலை செய்யவில்லை என்றே நினைப்பார்.

அடுத்தது ‘பிளாக்’. இந்தச் சொல்லைக் கைவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விம் எடிட்டர் ஒன்றுக்குள்ளேயே அது இரண்டு பொருளில் வருகிறது: கண்ட்ரோல்-வி அழுத்தினால் வரும் ‘விஷுவல் பிளாக்’ என்பது செவ்வகத் தெரிவு, உரைக்கூறுகளைச் சொல்லும்போது வரும் ‘பிளாக்’ என்பது அடைப்புக்குறிகளுக்கு உட்பட்ட நிரல்பகுதி. எக்லிப்ஸ் செவ்வகத்தைப் ‘பிளாக்’ என்கிறது, விஷுவல் ஸ்டூடியோ ‘பாக்ஸ்’ என்கிறது, ஈமேக்ஸ் ‘ரெக்டாங்கிள்’ என்கிறது, நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎஸ் கோட், இன்டெலிஜே ஆகியவை நெடுவரிசையைக் குறிக்கும் ‘காலம்’ என்கின்றன. இந்தக் கடைசிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் ‘காலம் மோட்’ என்பதைக் கடிகாரத்தோடு தொடர்புடைய ஏதோ ஓர் அமைப்பு என்று எண்ண இடமுண்டு. ‘நெடுவரிசை’ என்பது சரியான சொல்தான். ஆனால் அட்டவணையின் முழு நெடுவரிசையையும் எடுக்கும் செயல் என்று அதைப் புரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. பயனர் திரையில் காண்பது ஒரு செவ்வகம்; எனவே ‘செவ்வகத் தெரிவு’ என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பெயர் ஒன்றாக இருந்தாலும் செவ்வகம் என்பதற்குள் இரண்டு வெவ்வேறு பொறிகள் மறைந்திருக்கின்றன. விம்மில் அது உண்மையிலேயே ஒரு செவ்வகம்: நகலெடுத்தால் இது செவ்வகம் என்ற குறிப்பும் சேர்ந்து சேமிக்கப்படும், ஒட்டும்போது பல வரிகளில் பக்கவாட்டில் செருகப்படும். விஎஸ் கோட்டில் அது வரிக்கு ஒன்றாக நிற்கும் பல கர்சர்களின் கூட்டம். எடுத்து முடித்த பிறகு ஒவ்வொரு கர்சரும் தன் வரியில் தனியாக நகரக்கூடியது, சொல் சொல்லாகத் தாவினால் செவ்வகம் கலைந்துவிடும். இரண்டாவது வழி கற்பதற்கு எளிது, பல கர்சர் வசதியோடு இயல்பாக இணைகிறது. புதிய எடிட்டருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் நகலெடுத்த நான்கு துண்டுகளை நான்கு கர்சர்களில் ஒட்டும்போது துண்டுக்கு ஒரு கர்சராகப் பகிர்வதா, எல்லாக் கர்சரிலும் நான்கையும் ஒட்டுவதா என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை பொருந்தினால் பகிர்வது, பொருந்தாவிட்டால் முழுவதையும் ஒட்டுவது என்பதே பலரும் எதிர்பார்ப்பது.

குட்டையான வரிகளைச் செவ்வகம் கடக்கும்போது என்ன ஆகும் என்பதும் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. அந்த வரிகளை விட்டுவிடலாம், வரியின் கடைசியில் கர்சரை நிறுத்தலாம், அல்லது எழுத்தே இல்லாத வெற்றிடத்திலும் கர்சர் நிற்க இடம் கொடுத்து, தட்டும்போது இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளலாம். விம்மில் கடைசி வழிக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அட்டவணைபோல் வரிசைப்படுத்திய உரையைத் திருத்துபவருக்கு அதுதான் உதவும். மற்றவர்களின் கோப்பில் வரிக் கடைசியில் வேண்டாத இடைவெளிகள் சேர்ந்துவிடும் என்பதால் அதை இயல்பு அமைப்பாக வைக்க வேண்டாம். செவ்வகத்தின் ஓரத்தை எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல் திரையில் அவை பிடிக்கும் இடத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். டேப் ஒற்றை எழுத்துதான், ஆனால் நான்கு அல்லது எட்டு இடம் பிடிக்கிறது. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே அகலத்தில் வருவதில்லை. ‘ஔ’வும் ‘ர’வும் ஒரே கட்டத்தில் அடங்காது.

இவ்விடத்தில் தமிழ் உரையைப் பற்றியே சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்பட்ட எடிட்டர் முதலில் சறுக்குவது இங்கேதான். ‘நி’ என்பது யூனிகோடில் இரண்டு குறியெண்கள் (கோட் பாயின்ட்). வாசகருக்கு ஒரே எழுத்து. வாசகர் ஓரெழுத்தாகக் காணும் குறியெண் தொகுதிகளான எழுத்துக்கூட்டங்களின் எல்லையை வகுக்கும் யூனிகோட் இணைப்பு 29 இந்த ‘நி’யையே ஓர் எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஷிஃப்டும் அம்புவிசையும் அழுத்தும்போது நகர்முனை அந்தக் கூட்டத்தை ஒரே தாவலில் கடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டால் ‘ந’ மட்டும் நகலாகி, இகரக் குறி அனாதையாகிவிடும். பின்னழி விசை மட்டும் குறியெண் குறியெண்ணாக அழிப்பது தமிழில் பழகிப்போன வசதி. அதைத் தெரிவோடு போட்டுக் குழப்ப வேண்டாம். சொல்லை இரட்டைச் சொடுக்கால் எடுக்கும் நிரல், யூனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையை மட்டும் பார்த்து எழுதப்பட்டிருந்தால், புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் வேறு வகை என்பதால் ‘வணக்கம்’ என்ற சொல் ‘வணக’ என்பதோடு அறுந்துவிடும்.

‘அடுத்த பொருத்தத்தைச் சேர்’ என்ற கட்டளை, அதாவது விஎஸ் கோட்டிலும் சப்லைம் டெக்ஸ்டிலும் கண்ட்ரோல்-டி செய்வது, இன்னும் நுட்பமாகத் தவறும். ‘பட’ என்ற இரண்டெழுத்தைத் தெரிவு செய்து அடுத்த பொருத்தத்தைக் கேட்டால், குறியெண்களை மட்டும் ஒப்பிடும் நிரல் ‘படி’ என்ற சொல்லின் முதல் இரண்டு குறியெண்களையும் பொருத்தமாகக் காட்டும். அந்த இடங்களில் எல்லாம் ‘சில’ என்று தட்டினால் ‘படி’ ‘சிலி’ ஆகிவிடும். பொருத்தத்தின் இரு எல்லைகளும் எழுத்துக்கூட்டத்தின் எல்லையில் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் தெரிவில் சேர்க்க வேண்டும்.

சொல்லையும் வரியையும் அலகாகக் கொள்ளும் தெரிவுகளில் ஒரே ஒரு நுணுக்கம் மட்டும் அடிக்கடி மறக்கப்படுகிறது. ஒரு சொல்லை இரட்டைச் சொடுக்கால் எடுத்து மவுஸை விடாமல் இழுத்தால் தெரிவு சொல் சொல்லாக வளர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி வலப்பக்கம் இழுத்தவர் மனம் மாறி இடப்பக்கம் திரும்பினால், முதலில் சொடுக்கிய சொல் முழுவதும் தெரிவிலேயே இருக்க வேண்டும். அதாவது இங்கே நிலைமுனை ஒரு புள்ளியன்று. ஒரு முழுச் சொல்லே நிலைமுனையாக நிற்கிறது. ஒற்றை எண்ணாக அதைச் சேமித்தால் திரும்பும்போது அந்தச் சொல் தெரிவிலிருந்து நழுவிவிடும். மும்முறை சொடுக்கி வரியை எடுப்பதற்கும் இதே விதிதான். அங்கே ‘வரி’ என்பது கோப்பில் உள்ள வரியா, அகலம் போதாமல் திரையில் மடிந்த வரியா என்பதை மட்டும் தெளிவாக்கிவிடுங்கள். நிரல் எழுதுபவருக்குக் கோப்பின் வரிதான் வேண்டும்.

‘அனைத்தையும் தெரிவுசெய்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நகர்முனை கோப்பின் கடைசிக்குப் போய்விட்டது என்பதற்காகத் திரையையும் அங்கே தாவவிடாதீர்கள். படித்துக்கொண்டிருந்த இடம் பயனருக்குத் தொலைந்துபோகும்.

பெயரில் ‘முறை’ (மோட்) என்ற சொல்லை எப்போது சேர்ப்பது என்பதில் கறாராக இருங்கள். ஒரு முறை அழுத்தினால் ஒரு வேலை முடிந்துவிடுமானால் அது கட்டளை. பிறகு வரும் விசைகள் எல்லாவற்றின் பொருளையும் மாற்றி வைக்குமானால் அது முறை. ‘செவ்வகத் தெரிவு முறை’ என்று பெயரிட்டால் அது இயங்குவது நிலைப்பட்டையில் தெரிய வேண்டும், எஸ்கேப் விசை அதிலிருந்து விடுவிக்க வேண்டும். இரு முனைகளை இடம் மாற்றும் கட்டளையும் ஒன்று சேருங்கள். விம்மில் தெரிவின்போது சிறிய ஓ, ஈமேக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸை இரு முறை அழுத்துவது, ஹீலிக்ஸில் ஆல்ட்டோடு அரைப்புள்ளி என்று பழைய எடிட்டர், புதிய எடிட்டர் எல்லாமே அதை வைத்திருக்கின்றன. நீண்ட தெரிவின் தொடக்கத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனதைக் கடைசியில் கண்டவருக்கு அதன் அருமை தெரியும். அதற்கு ‘மறுமுனைக்குச் செல்’ என்ற பெயர் போதும்.

கடைசியாக, பெயரை மாற்றும்போது மெனுவில் தெரியும் சொல்லை மட்டும் மாற்றுங்கள். உள்ளே கட்டளைக்கு இட்ட அடையாளச் சொல்லைத் தொடாதீர்கள். விசைகளைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்ட பயனரின் அமைப்புக் கோப்பு அந்த அடையாளச் சொல்லைத்தான் சுட்டுகிறது. இன்டெலிஜேயில் ‘எக்ஸ்டெண்ட் செலக்‌ஷன்’ என்று தெரியும் கட்டளையின் உள் அடையாளம், கர்சரில் உள்ள சொல்லை எடுப்பது என்று அதை அழைத்த காலத்து ‘எடிட்டர் செலக்ட் வேர்ட்’ என்பதாகவே இருக்கிறது. விஎஸ் கோட் ‘குரோ’ என்ற அடையாளத்தை ‘எக்ஸ்பாண்ட்’ என்று மாற்றியபோது பழையதையும் மாற்றுப்பெயராகப் பதிந்து வைத்தது. உங்கள் எடிட்டரின் ‘எக்ஸ்டெண்ட்’ இனி ‘தெரிவை விரி’ ஆகுமானால், பழைய அடையாளத்தைச் சுட்டும் விசைகளும் அதே செயலுக்கே போக வேண்டும். அந்த அடையாளத்தைப் புதிய ‘தெரிவை நீட்டு’ கட்டளைக்கு மறுபடியும் பயன்படுத்திவிடாதீர்கள்.